எட்டு மில்லிவாட்

அக்டோபர் 1, புதன்

ஆயுதபூஜை. கம்பெனியில் பதினான்கு நிட்டிங் மெஷினுக்கும் பொட்டு வைத்து மாலை போட்டாயிற்று. நான் துணி பார்க்கிற செக்கிங் மெஷினுக்கு மட்டும் வழக்கம்போல மாலை பத்தவில்லை. கதம்பத்தில் ஒரு முழம் கிள்ளி டியூப்லைட்டுக்கு மேலே சொருகிவிட்டேன். பொரி, கடலை, அரைக்கிலோ ஸ்வீட்.

இந்த வருஷம் ஃபிட்டரான எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் தனியாக ஒரு பை. முதலாளி கிட்டுசாமியின் மகள் தேஜஸ்ரீ எல்லாரும் பார்க்கக் கொண்டுவந்து கொடுத்தது. போன மாதம் இவர் ஆபீஸ் ரூமில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பதினான்கு மெஷினும் ஓடுகின்றன. பாதி டீயில் டம்ளரை வைத்துவிட்டு, "ஏழாம் நம்பர்ல ஒரு ஊசி போச்சு" என்று உள்ளே போனார். போய்ப் பார்த்தால் போயிருந்தது. ஒரு மெஷினில் இரண்டாயிரத்துச் சொச்சம் ஊசி, அதில் ஒன்று. அங்கே இருந்த தேஜஸ்ரீ அன்றைக்குத் திறந்த வாயை இன்னும் மூடவில்லை.

"அண்ணா, உங்க காதுக்கு இதுதானுங்ண்ணா சரி. இது உள்ளத உள்ளபடி சொல்லுமுங்க" என்றது. தான் வைத்திருந்த பெரிய ஹெட்போன், கூடவே பாட்டுக் கேட்க ஒரு குட்டி ப்ளேயர். கொடுத்த கையோடு ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிவிட்டது. ஏதோ கண்காட்சி, நவம்பரில்தான் வருகிறதாம்.

ப்ளேயர் குளியல் சோப்பு அளவுதான். பக்கத்தில் பல் பல்லாக ஒரு திருகு. திருகினால் கணக்காக நகர்கிறது, நம் மெஷினில் நூலுக்கு டென்ஷன் வைக்கிற மாதிரி. ஜெயபாண்டி என்கிற இந்த மனுஷனோடு பதினேழு வருஷமாகக் குடித்தனம் பண்ணுகிறேன். ஒரு பொருளை இப்படி இரண்டு கையிலும் ஏந்திப் பார்த்து நான் கண்டதில்லை. என்னைக்கூட!

அக்டோபர் 2, வியாழன்

லீவு. காலையில் குளித்து, விபூதி பூசி, பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினார். பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி.

மாட்டுவதற்கு முன்னால் எனக்கு ஒரு வகுப்பு. ஹெட்போன் ஓரத்தில் 600 ஓம் என்று பொறித்திருக்கிறது. அதைக் காட்டி, "பாத்தியா, அறுநூறு. நம்ம நூலு நம்பர் மாதிரிதேன். இருவதாம் நம்பர் முரடு, நாப்பது மெல்லிசு, அறுவது இன்னும் மெல்லிசு. இது அறுநூறுன்னா எம்புட்டு மெல்லிசா இருக்கும்! டென்ஷன் கூட்டுனா அறுந்துரும்" என்றார். ப்ளேயரில் சத்தத்தின் பலத்துக்குக் கெயின் என்று ஒன்று இருக்கிறது, லோ, ஹை என்று இரண்டு வகை. லோவில் இருந்தது. அதைத் தொடவே இல்லை. திருகையும் நாற்பதுக்கு மேல் ஏற்றவில்லை. நானும் பதினொரு வருஷமாகத் துணி பார்க்கிறவள். நூல் நம்பர் ஏறினால் இழை மெலியும் என்று எனக்கும் தெரியும். பெரிய அறிவாளி மாதிரித் தலையாட்டினேன்.

கோயில் நாதஸ்வரக் கச்சேரி ஒன்று அதில் இருந்தது. கண்ணை மூடிக் கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கழற்றி என் தலையில் வைத்தார். "எப்பிடி?"

கேட்டது. மெல்லிசாக, எங்கேயோ அடுத்த தெருவில் கல்யாணம் நடக்கிற மாதிரி. பெரிய இடத்துச் சாமான் மெதுவாகத்தான் பேசும் போலிருக்கிறது, நமக்குத்தான் பிடிபடவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அவர் முகத்தைப் பார்த்தேன். "சூப்பரா இருக்கு மாமா" என்றேன்.

"நல்லாக் கேக்குதா?"

"கணீர்னு கேக்குது."

அவர் வாங்கிப் பெட்டியில் வைத்தார்.

அக்டோபர் 5, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பு அவர் கை. இன்றைக்கு உப்பு அள்ளிக் கொட்டியிருந்தது. "எப்பிடி இருக்கு?" என்றார். "நல்லாருக்கு மாமா." நாலு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு எழுதுகிறேன்.

அக்டோபர் 8, புதன்

ஹெட்போன் பெட்டி பீரோ மேலே போய்விட்டது. "கேக்கலையா?" என்றால், "வேலை இருக்கு" என்கிறார். என்ன வேலை? சுவரைப் பார்க்கிற வேலை.

அக்டோபர் 11, சனி

ஒன்பதாம் நம்பர் மெஷினிலிருந்து வந்த ரோலை லைட்டில் ஓட்டினேன். ஆரம்பத்திலிருந்து கடைசிவரை மேலிருந்து கீழாக ஒரு கோடு. ஊசி கெட்டுப்போனால் விழுகிற கோடு. ஒரு முழு ரோல். தீபாவளிக்கு முன் போக வேண்டிய சரக்கு.

எனக்குத் துணியைவிட அவரைப் பற்றித்தான் திக்கென்றது. நான் கண்ணால் பிடிப்பதற்கு முன்னால் அவர் காதால் பிடித்துவிடுவார். எங்களுக்குள் அது ஒரு போட்டி. இத்தனை வருஷத்தில் நான் ஜெயித்ததை விரல் விட்டு எண்ணிவிடலாம். இன்றைக்கு ஜெயித்தேன், சந்தோஷமே இல்லை.

போய்ச் சொன்னேன். பதறிக்கொண்டு மெஷினை நிறுத்துவார் என்று பார்த்தால், நின்ற இடத்திலேயே நின்றார். "டிக்கு டிக்குன்னு கேட்டுச்சு அனுசு. என் காதுக்குள்ளதேன் கேக்குதுன்னு விட்டுட்டேன்" என்றார்.

அது என்ன பேச்சு? காதுக்குள் என்ன கேட்கும்?

அக்டோபர் 13, திங்கள்

முதலாளி செக்கிங் பக்கம் வந்து, யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கேட்டார்.

"ஏனுங் அனுசுயா, ஊட்டுக்காரரு மொழங்கால் வலின்னு சொல்றாருங்க. தீவாளி கழிச்சு நூல் குடோனுக்கு மாத்தி உடச் சொல்றாரு. உங்களுக்குத் தெரியுமுங்களா?"

எனக்குத் தெரியாது. முழங்கால் வலி என்று இந்த மனுஷன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை. முதலாளி கொஞ்சம் நின்றார். "பதினாலு மெஷினையும் அவரு காத நம்பித்தானுங் ஓட்டிட்டு இருக்கறேன். ஒண்ணாந்தேதியிலருந்து அருண்பாண்டின்னு வேற ஃபிட்டர் வாராரு. என்னமோ எனக்கு மனசே இல்லீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் வீட்டில் பிடித்துக்கொண்டேன். முதலில் முழங்காலைத் தடவிக் காட்டினார். நான் முறைத்ததும் நிறுத்திவிட்டார்.

"முழங்காலும் இல்ல ஒண்ணும் இல்ல. காது போயிருச்சு அனுசு."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "அந்தப் புள்ள கேட்டுச்சு, அதுக்கு நல்லாக் கேக்குது. நீ மாட்டுன, ஒனக்குக் கணீர்னு கேக்குது. எனக்கு மட்டும் அடுத்த தெருவுல வாசிக்கிற மாதிரி இருக்கு. அப்ப கோளாறு யாருக்கு? அதேன் உள்ளத உள்ளபடி சொல்லுமாம்ல. சொல்லிருச்சு."

இருபது வருஷ இரைச்சல், அதுதான் காதைத் தின்றுவிட்டது என்கிறார். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு வேலை செய்கிறவர்களை எத்தனை கேலி பண்ணியிருப்பார்! இப்போது மெஷினில் எந்தச் சத்தம் கேட்டாலும் நிஜமா, காதின் கோளாறா என்று சந்தேகமாம். சந்தேகத்தோடு ஒரு ஃபிட்டர் எப்படி நிற்பது என்கிறார்.

அடுத்த தெருவில் கல்யாணம். நான் நினைத்த அதே வார்த்தை.

காபி போடுகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். கடவுளே, நான் என்ன பண்ணிவைத்திருக்கிறேன்?

அக்டோபர் 14, செவ்வாய்

சொல்லணும். சொல்லலை.

அக்டோபர் 15, புதன்

மதியம் அவர் மூன்றாம் நம்பர் மெஷினின் உடம்பில் கன்னத்தை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். தூரத்தில் நின்றே கண்டுபிடிக்கிற ஆள். பார்க்கச் சகிக்கவில்லை, நான் என் டேபிளுக்குத் திரும்பி வந்துவிட்டேன்.

சாயங்காலம் வீட்டில், அவர் வெளியே போன பிறகு பெட்டியை இறக்கி நானும் ஒரு தடவை மாட்டிப் பார்த்தேன். அதே அடுத்த தெருதான்.

அக்டோபர் 16, வியாழன்

சொல்லிவிட்டேன்.

சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். முதுகைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது. "அன்னிக்கி எனக்கும் கேக்கல மாமா."

குழாயை மூடினார்.

"என்ன கேக்கல?"

"அந்த நாதஸ்வரம். எனக்கும் தூரத்துலதான் கேட்டுச்சு. நீங்க ஆசையா மாட்டி விட்டீங்க, அதான் நல்லாருக்குன்னு..."

"ஒனக்கும் கேக்கலயா?"

"கேக்கல."

"நெசமாவா?"

"நேத்தும் மாட்டிப் பாத்தேன் மாமா, சத்தியமா கேக்கல."

சிரிப்பார் என்று நினைத்தேன். ஒரு நொடி முகம் தெளிந்ததும் உண்மைதான். அப்புறம் என்னை ஒரு பார்வை பார்த்தார். "துணியில ஒரு கோடு விடமாட்ட. என்னைய மட்டும் எத்தன வருசமா இப்பிடிச் சும்மா பாஸ் போட்டு விட்டுக்கிட்டிருக்க?"

எழுதிக்கொண்டே யோசிக்கிறேன்: அவர் செய்த குழம்பு, எடுத்த சேலை, வெட்டிக்கொண்ட முடி, எதையாவது ஒரு நாள் நான் திருப்பி அனுப்பியிருக்கிறேனா? அன்பு என்று நினைத்துத்தான் செய்தேன். அந்த அன்பு அவரைக் குடோனில் கொண்டுபோய் உட்கார வைக்கப் பார்த்தது.

அக்டோபர் 17, வெள்ளி

அவர் என்னோடு பேசவில்லை. பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனேன், ஹெல்மெட்டோடுதான் குடித்தனம்.

அவர் காது சரி என்றால் கோளாறு பெட்டியில். ஆனால் தேஜஸ்ரீ கெட்டுப்போனதைக் கொடுக்கிற பிள்ளை இல்லை. போனில் கேட்டுவிடலாம் என்றால், "கேக்கத் தெரியாதவனுக்குக் குடுத்தோம்னு நெனைக்கும்" என்று அவர் முன்பே தடுத்து வைத்திருக்கிறார். ப்ளேயர் டப்பாவுக்குள் மடித்து வைத்த காகிதம் ஒன்று இருந்தது. சாப்பாட்டுப் பையில் போட்டு எடுத்துப்போனேன்.

மதியம், செக்கிங் லைட்டில் விரித்தேன். இங்கிலீஷ்தான். ஆனால் கட்டம் போட்டு எண் எழுதிய காகிதம் எனக்குப் புதிதா? சைஸ் சார்ட் பார்த்துப் பார்த்துக் கண் பழகியது. இடது பக்கம் ஓம், வலது பக்கம் மில்லிவாட், அதாவது ஒரு வாட்டை ஆயிரமாக உடைத்ததில் ஒன்று. ஹை கெயினில் முப்பத்திரண்டு ஓமுக்கு நூற்றைம்பது. முந்நூறுக்குப் பதினாறு. அறுநூறுக்கு வெறும் எட்டு.

திரும்பத் திரும்பப் பார்த்தேன். இவர் சொன்னபடி எண் ஏற ஏற மெல்லிசு என்றால், இந்தக் குட்டிப் பெட்டிக்கு வேலை சுலபமாகியிருக்க வேண்டும். இங்கே எண் ஏற ஏற அதற்கு மூச்சு வாங்குகிறது. முப்பத்திரண்டுக்கு வாரிக் கொடுக்கிற பெட்டி அறுநூறு வந்ததும் எட்டோடு நின்றுவிடுகிறது. அப்படியானால் அறுநூறு மெல்லிசு இல்லை. பிடிவாதம். இழுத்தால்தான் வரும்.

அப்போதுதான் பத்தாம் வகுப்பு ஞாபகம் வந்தது. மின்தடையின் அலகு ஓம். எழுதி ஒரு மார்க் வாங்கியிருக்கிறேன்! தடை! மண்டைக்குள் இருந்தது, நூல் நம்பர் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஒரு வீட்டில் இரண்டு பனியன் கம்பெனி ஆட்கள் இருந்தால் இப்படித்தான்.

அடுத்து லோ வரிசை. அறுநூறுக்கு நேராக 0.7. ஒரு மில்லிவாட்கூட இல்லை. அதிலும் திருகை நாற்பதில் வைத்துவிட்டு, மனுஷன் தன் காதைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறார்.

காகிதத்தை எடுத்துக்கொண்டு மெஷின் மெஷினாகத் தேடிப்போய்க் காட்டினேன். விரலை மட்டும் வைத்தேன். எண்களை மேலிருந்து கீழ் ஒருமுறை, கீழிருந்து மேல் ஒருமுறை படித்தார். "அடச்சீ" என்றார். நேற்றிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் வார்த்தை.

அக்டோபர் 18, சனி

தீபாவளி லீவு விட்டாயிற்று. மதியம் சொந்த ஊர் உசிலம்பட்டிக்குப் பஸ். துணி எடுத்து வைப்பதை நிறுத்திவிட்டுக் காலையில் இதுதான் வேலை.

ஹை கெயின். மாற்றும்போது அவர் விரல் தயங்கியதைப் பார்த்தேன். மாற்றுவதற்கு முன்னால் திருகைப் பூஜ்யத்துக்கு இறக்கினார், அது ஃபிட்டர் புத்தி. அப்புறம் ஒவ்வொரு பல்லாக ஏற்றினார். இருபது. நாற்பது. ஐம்பது. அறுபது தாண்டியபோது அவர் தோள் இறங்கியது. அறுபத்தைந்தில் கையை எடுத்துவிட்டார்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, போய் அணைத்துவிட்டு வந்தேன், அப்படியேதான் இருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர். பிறகு சத்தமாக, ஊருக்கே கேட்கிற மாதிரி, "தவில்காரரு விரல்ல மாட்டுன கூடு தோல்ல படுறது தனியாக் கேக்குது அனுசு! அவருக்கு வலது பக்கத்துல ஒருத்தர் இருமுறாரு!" என்று கத்தினார். ஹெட்போன் மாட்டினால் தான் கத்துவது தனக்குத் தெரியாது போலிருக்கிறது. கீழ்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

என் தலையில் வைத்தார். இந்த முறை "எப்பிடி?" என்று கேட்கவில்லை. கேட்கப் பயம் போல.

நான் என்ன எழுதுவது! அன்றைக்குக் காணாமல் போயிருந்த ஒத்துக்குழல், நாதஸ்வரத்துக்கு அடியில் ஒரே சுருதியாக ஓடிக்கொண்டே இருக்கிறது. வாசிப்பவர் மூச்சை உள்ளே இழுக்கிறார், அது கேட்கிறது. தவில் நெஞ்சுக்குள் விழுகிறது, ஆனால் இரைச்சல் இல்லை. பந்தலில் முன்வரிசையில் எனக்கு நாற்காலி போட்டிருக்கிறார்கள். என் கல்யாணத்தில்கூட நான் நாதஸ்வரத்தை இப்படிக் கேட்கவில்லை, அன்றைக்கு மூக்குத்தி திருகு கழன்ற கவலை.

உள்ளங்கையில் ப்ளேயர் லேசாகச் சுட்டது. வேலை செய்கிறது, பாவம். எங்கள் ஒரு நிட்டிங் மெஷின் மோட்டார் ஐந்து குதிரைச் சக்தி. செக்கிங் டேபிளின் ஒரு டியூப்லைட் நாற்பது வாட். இந்த சோப்புக்கட்டி மொத்த மூச்சையும் பிடித்துக் கொடுத்தால் எட்டு மில்லிவாட், என் டியூப்லைட்டில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு. அதில் ஒரு கோயில் பிரகாரமே வந்து உட்கார்ந்துவிட்டது. அந்த அறுநூறு ஓம் கம்பியும் தலைமயிரைவிட மெல்லிசாகத்தான் இருக்குமாம், அதனால்தான் அவ்வளவு சுற்று சுற்ற முடிகிறதாம். போனில் தேடிப் படித்துச் சொன்னார். "அப்ப நான் சொன்னதும் பாதி சரிதேன்" என்று ஒரு பெருமை வேறு. இதைச் செய்தவர்கள் யாரோ, எந்த ஊரோ, அவர்கள் கைக்குக் கும்பிடு. எனக்கு அவர்களை நினைத்துப் பொறாமையாகக்கூட இருக்கிறது.

பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். பேச்சு வந்துவிட்டது.

அக்டோபர் 28, செவ்வாய்

பல்லடம் ரோட்டில் காது டாக்டர். எனக்குப் பெட்டியை மட்டும் நம்பி விட மனசில்லை, இழுத்துப் போனேன். கண்ணாடி அறையில் உட்கார வைத்துச் சின்னச் சின்னச் சத்தம் கொடுத்துப் பரிசோதித்தார்கள். இரண்டு காதும் நன்றாக இருக்கிறது. வலது காதில் மட்டும் ரொம்பக் கீச்சென்ற சத்தங்கள் கேட்பதில் ஒரு சின்னச் சரிவு. மெஷின் இரைச்சல் பண்ணியது, இனி காதுக்கு உறை மாட்டாமல் உள்ளே போகக் கூடாது என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும், "டாக்டர் என்ன சொன்னாரு, நல்லாருக்குன்னுதான?" என்று என் வாயைப் பார்த்தார். பழைய அனுசுயா என்றால் ஆமாம் என்றிருப்பாள். "வலது காதுல கொஞ்சம் போயிருக்கு மாமா. மிச்சத்தக் காப்பாத்தணும்" என்றேன். தலையாட்டினார். வரும் வழியில் தலைக்கு மேலே மாட்டுகிற காது உறை ஒன்று, அவரே நிறம் பார்த்து வாங்கினார்.

நவம்பர் 1, சனி

முதலாளியிடம் இரண்டு பேருமாகப் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னோம். நூல் நம்பர் கதை வந்தபோது கிட்டுசாமி டேபிளைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "ஏனுங் ஜெயபாண்டி, பெறந்ததுலருந்து நூலுக்குள்ளயே கெடக்கறனுங். நானா இருந்தாலும் அப்படித்தானுங் நெனச்சிருப்பேன்!" ஊரிலிருந்து திரும்பி வந்த தேஜஸ்ரீ தலையில் கை வைத்துக்கொண்டது. "ஐயோ அண்ணா, என் குட்டி இயர்போனுக்கு லோவுல வச்சிருந்தனுங். மாத்தாமயே குடுத்துட்டேன். தப்பு என்மேலதானுங்ண்ணா."

குடோன் பேச்சு போய்விட்டது. அருண்பாண்டி வந்தவர் வந்தவர்தான், இரண்டாவது ஷிப்டுக்கு ஒரு ஃபிட்டர் ரொம்ப நாளாகத் தேவை. எங்க வீட்டுக்காரர் காது உறையை மாட்டிக்கொண்டு உள்ளே போனார். இரண்டு பையன்கள் சிரித்தார்கள். பத்து நிமிஷம் நடந்தார், நின்றார், உறையை ஒரு பக்கம் விலக்கினார், பன்னிரண்டாம் நம்பரை நிறுத்தினார். ஊசி.

அந்த ரோல் லைட்டுக்கு வரவே இல்லை. நான் தோற்றேன். மதியச் சாப்பாடு எனக்கு அவ்வளவு ருசித்தது.

நவம்பர் 2, ஞாயிறு

கறிக்குழம்பு. பரிமாறிவிட்டு எதிரில் உட்கார்ந்தார். "எப்பிடி இருக்கு?"

நல்லாருக்கு என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. முழுங்கினேன்.

"உப்பே இல்ல மாமா."

அவர் ஒரு பெருமூச்சு விட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"நல்லவேள சொன்ன. எனக்கும் அப்பிடித்தேன் இருந்துச்சு. நாக்கும் போயிருச்சோன்னு பயந்துட்டேன்."

உப்பு டப்பாவை எடுத்துவர அவரே எழுந்து போனார்.